கழுவிய இரும்பு

2020ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் மூன்றாம் நாள், திங்கட்கிழமை. தென்காசியில் விடிந்தது முதலே சாரல். காற்று மேற்கிலிருந்து. பத்தரை மணிக்குக் கால்மணி நேரம் மட்டும் வெயில் தலைகாட்டிவிட்டு மறைந்தது. இவ்வளவு துல்லியமாக ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். கீழே இருக்கும் கூடம் ஏன் ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது என்று நீங்கள்தானே, தம்பி, கேட்டீர்கள்? கேட்டவருக்கு முறையாக விடை சொல்ல வேண்டும். காரணம் அந்தத் திங்கட்கிழமையில்தான் தொடங்குகிறது.

முதலில் சாவியை அந்த உயரத்து ஆணியிலேயே மாட்டிவிடுங்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதே முறை. நன்று. உட்காருங்கள். இதில் வேண்டாம், இது ஆடும். அதில்.

தெருமுனைத் தேநீர்க் கடையில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். "சார்வாள் அவனைத் துரத்திட்டாரு" என்று சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் துரத்தவில்லை. வாடகைத் தகராறும் இல்லை. பூட்டிக் கிடந்த மாதங்களுக்கு நான் வாடகை கேட்கவே இல்லை. முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். எவனையும் வகுப்பை விட்டுத் துரத்தியதில்லை. வாசலில் நிற்க வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். துரத்துவது வேறு, நிற்க வைப்பது வேறு.

கீழே இருந்தவன் பெயர் உச்சிமாகாளி. என் பழைய மாணவன். படிப்பு வராது, உடம்பு வந்தது. அதை வைத்து ஒரு தொழில் தொடங்குகிறேன் என்று ஏழு ஆண்டுகளுக்கு முன் வந்து நின்றான். ஊரில் எவரும் இடம் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன். பெயர்ப்பலகையில் 'உடற்பயிற்ச்சி' என்று எழுதிக்கொண்டு வந்தான். மிகையான 'ச்' ஒன்றை நானே சுண்ணாம்பால் மறைத்தேன். போகட்டும்.

அந்தத் தொழிலைப் பற்றி என் கருத்தைக் கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வளர்ந்த ஆண்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து ஓர் இரும்புத் துண்டைத் தூக்குவார்கள். பிறகு எடுத்த இடத்திலேயே வைப்பார்கள். பிறகு மறுபடியும் அதையே தூக்குவார்கள். அங்கேயேதான் வைக்கப் போகிறாய் என்றால் எதற்கப்பா எடுக்கிறாய்? சுவர் முழுவதும் நிலைக்கண்ணாடி வேறு. தூக்குவது பாதி நேரம், கண்ணாடி பார்ப்பது மீதி நேரம். ஒருவன் தன் கையைத் தானே முத்தமிட்டதை நான் கூடத்துச் சன்னல் வழியாகக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சரி, கொரோனா வந்தது. மார்ச்சில் பூட்டினார்கள். உலகமே வீட்டில் இருந்தது, இவன் இருந்தானா? செவ்வாயும் வெள்ளியும் சந்து சந்தாக மிதிவண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். கையில் ஒரு கந்தல், ஒரு குப்பி மெஷின் ஆயில். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வோர் இரும்பாகத் துடைத்து எண்ணெய் போடுவான். குழந்தைக்குப் போடுவதுபோல! ஒருநாள் காவலர் பிடித்துவிட்டார். ஊரடங்கில் திரிந்ததற்கு ஐம்பது தோப்புக்கரணம் போடச் சொன்னாராம். இவன் நூறு போட்டுவிட்டு, "ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல வேர்வ ஏட்டையா" என்று கும்பிட்டானாம். இப்படிப்பட்டவன்.

"இரும்புக்கு எதற்கடா இவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டேன்.

"சாரலு சார்வாள். ஒரு வாரம் விட்டம்னா பூத்திரும்."

பூக்குமாம். இரும்பு பூக்குமாம். அவன் பேச்சு அப்படித்தான்.

அந்தக் கதவு நிலையில் தொங்கும் கயிற்றையே பார்க்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்; அது பெரிய செய்தியன்று. அந்த மே மாதம் என் வலத்தோள் இறுகிவிட்டது. கை மார்புக்கு மேல் எழவில்லை. கரும்பலகையில் எழுதி எழுதித் தேய்ந்த தோள். மருத்துவமனைகளில் கொரோனாவைத் தவிர வேறு நோயை அப்போது எவரும் நோயாகவே மதிக்கவில்லை. இவன் வந்து பார்த்தான். மறுநாள் எங்கிருந்தோ ஒரு கப்பியைக் கொண்டுவந்து அங்கே மாட்டி, கயிற்றைக் கோத்து, இரு முனையிலும் பிடி கட்டினான். இடக்கையால் கீழே இழுத்தால் வலக்கை தானாக மேலே போகும். நாள்தோறும் மாலை ஐந்தரைக்கு முகக்கவசத்துடன் வந்து நின்று எண்ணுவான். "இன்னும் அஞ்சு, சார்வாள். விட்ராதிய. அஞ்சே அஞ்சு." முப்பத்தோராண்டுகள் நான் எண்ணி, ஊர்ப்பிள்ளைகள் தோப்புக்கரணம் போட்டார்கள், இப்போது அவன் எண்ண நான் இழுத்தேன். காலம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலை இறுதியில் மேல்தட்டிலிருந்து அகராதியை நானே எடுத்தேன். கர்ப்பூராதித் தைலத்தை விடாமல் தேய்த்து வந்தேன். அதில் எனக்கு ஒழுங்கு உண்டு. ஒழுங்கு இருந்தால் எந்த நோயும் நிற்காது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். அந்தக் கால்மணி நேர வெயிலில்தான் அவன் படியேறி வந்தான். பின்னால் அவன் மனைவி கோமதி. சங்கரன்கோவில் பெண்; நாக்கு நீளம்.

"சார்வாள், பத்தாந்தேதி ஜிம்மு தொறக்கலாம்னு கவருமென்டுல சொல்லிட்டாவ!"

"ஜிம் அன்று. உடற்பயிற்சிக் கூடம்."

"அதுதான் சார்வாள். அதத் தொறக்கலாம்னுதான் சொல்லிட்டாவ. கட்டடத்துக்காரவுக கையெழுத்து கேக்காவ, எல்லாம் முறப்படி சுத்தமா இருக்குன்னு. நீங்க ஒண்ணு போட்டுத் தந்தியன்னா போதும்."

குற்றாலம் சாலையில் புதிதாகக் குளிர்சாதனக் கூடம் ஒன்று அதே பத்தாம் தேதி திறக்கிறதாம். இவனிடம் வந்துகொண்டிருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் பத்தாம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "அன்னைக்கு நம்மகிட்ட சரியா இல்லன்னா ஒருத்தன் மிஞ்ச மாட்டான் சார்வாள். அஞ்சு மாசமா இதுக்குத்தான் காத்துக் கெடக்கேன். இது போச்சுன்னா நான் ஒருத்தன்ட்ட சம்பளத்துக்குத்தான் நிக்கணும்" என்றான்.

நான் கையெழுத்துப் போட்டிருக்கலாம். வேறு எவனாயினும் போட்டிருப்பான். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதானே இந்த நாட்டின் நோய்? நெறிமுறைத் தாள்களைக் கொடு என்று வாங்கி, இரவோடு இரவாகப் பதினெட்டுப் பக்கத்தையும் அடிக்கோடிட்டுப் படித்தேன். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும். சரி. இரும்பு முதலியவற்றை மட்டும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அங்கேதான் நின்றேன்.

ஸ்பிரிட் என்றால் என்ன? சாராயம். இந்த வீட்டு வாசற்படியைச் சாராயம் தாண்டியதில்லை, தம்பி. பள்ளியில் மதுவிலக்கு மன்றத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் நான்தான் தலைவர். என் மகன் திருமணத்தில், சம்பந்தி வீட்டார் வந்த பேருந்தையே முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.

"குடிக்கதுக்கு இல்ல சார்வாள், தொடைக்கதுக்கு" என்றான், மறுநாள் காலை.

"எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்" என்றேன்.

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகக்கவசத்துக்கு மேலே முந்தானை எதற்கு? சிரிப்புத்தான்.

ஆகவே என் முடிவைச் சொன்னேன். தரைக்கு எந்த மருந்தோ அதே மருந்து இரும்புக்கும். கிருமிக்குத் தரை என்றும் இரும்பு என்றும் வேறுபாடு தெரியுமா? அதற்கு முன்னால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போக வேண்டும். பிசுக்கில்தான் கிருமி ஒட்டும். அழுக்கின் மேல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "இரும்புக்குத் தண்ணி ஆவாது சார்வாள். அதுலயும் பிளீச்சிங்கு…"

"நீ பத்தாம் வகுப்பில் அறிவியலில் எவ்வளவு வாங்கினாய்?"

பதினேழு. எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்றுதான் சொல்கிறேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏவுகிறவன் அல்லன் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். சோப்புத்தூளைப் போட்டு ஒவ்வோர் இரும்பையும் இண்டு இடுக்கு விடாமல் தேய்க்க வைத்தேன். தலைக்கு மேலிருந்து கம்பியை இழுக்கும் பெரிய கருவி ஒன்று இருந்தது. அதன் எஃகுக் கேபிள், உருளும் கப்பிகள், எல்லாவற்றிலும் கரிய எண்ணெய். பல் துலக்கும் தூரிகையால் எடுக்க வைத்தேன். பிறகு பிளீச்சிங் கரைசல். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஊற்றியதும் அவன் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். தடுத்துவிடுவேன். மருந்து தானாகக் காய வேண்டும். துடைத்தால் அதன் வீரியம் என்னாவது?

"சாரல்ல கட்டுன சேலையே மூணு நாளாக் காயல, இது எங்கெருந்து காயும்?" என்றாள் கோமதி.

"ஒன் வாய் காயாம இருக்குல்லா, அது போதும்" என்று அவனே அவளை அடக்கினான்.

அவனிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அதுதான். நான் இருக்கும்போது எவரையும் எதிர்த்துப் பேச விடமாட்டான்.

ஒழுங்கு என்றால் முழு ஒழுங்கு. கீழே கழுவிவிட்டு மேலே விட்டால் என்ன நியாயம்? மேலே வந்து இந்தக் கப்பியையும் கழுவினேன். அதிலும் எண்ணெய் போட்டு வைத்திருந்தான். சுத்தமாக எடுத்தேன்.

சனிக்கிழமை மாலை கடைசிக் கழுவல். கடைசி என்பதால் மருந்தை இரண்டு மடங்காகக் கரைக்கச் சொன்னேன். அந்தப் பெரிய கருவியின் உச்சி அவனுக்கே எட்டவில்லை. "தள்ளடா" என்று முக்காலி மேல் ஏறி, வாளியை இதோ, இந்த வலக்கையால், தலைக்கு மேல் தூக்கி ஊற்றினேன். மே மாதத்தில் மார்புக்கு மேல் எழாத கை! கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை நல்லாத் தூக்குதிய சார்வாள்" என்றான். கண் கலங்கியிருந்தது. பிளீச்சிங் நெடி, எனக்கும் எரிந்தது.

உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தெளிவாக, முழுப் பெயருடன்: தெய்வநாயகம், தமிழாசிரியர், ஓய்வு. அவன் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெளிக்காற்று புகாதபடி சன்னல்களை அடைத்து, கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். ஞாயிறு முழு ஊரடங்கு. ஒருவரும் வெளியே வரக்கூடாது. கந்தலும் ஆயிலுமாக வந்து கழுவியதைக் கெடுத்துவிடுவானே என்ற கவலை எனக்கு அன்று இல்லை.

பத்தாம் தேதி, காலை ஆறு மணி. வாசலில் மாவிலை, பூசணிக்காய், கற்பூரம். நாற்பது பேருக்குக் குறையாமல் சாலை ஓரத்தில் இடைவெளிக்காகப் போட்ட வட்டங்களில் நிற்கிறார்கள். நகராட்சியிலிருந்து துப்புரவு ஆய்வாளர் வந்தார். நான் கதவைத் திறந்தேன். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தவர், "அடேயப்பா! எங்க ஆசுபத்திரியில கூட இப்படி வாசம் இல்ல சார்வாள்" என்றார். எழுதியும் வைத்தார்: தூய்மை மிக நன்று. அந்தத் தாளின் படி என்னிடம் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன்.

ஆய்வாளர் போனார். இவன் விளக்கைப் போட்டான். போட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

இரும்பு முழுவதும் ஒரு செம்மண் நிறம். மேலாகத்தான். லேசாகத்தான். ஒரு வாரத்துச் சாரல் அப்படி. நான் அன்றைக்கே சொன்னேன், தரமான இரும்பு வாங்கியிருக்க வேண்டும் என்று. அவன் ஓடிப்போய் ஒரு கம்பியைத் தொட்டான், அடுத்ததைத் தொட்டான், கையைப் பார்த்தான். கோமதிதான், "யாத்தே, பூத்திருச்சே" என்றாள்.

அதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மரக்கடை மைதீன் பிச்சை என்று ஒருவர், நல்ல கனம். மற்றவர்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவர் எங்கே போகிறாரோ கூட்டம் அங்கே போகும். நேராக அந்தப் பெரிய கருவியில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அதுல இன்னைக்கு வேண்டாம்" என்றான் இவன்.

"ஏம்ல? அஞ்சு மாசமா இதுக்குத்தான ஏங்கிக் கெடந்தேன்." இழுத்தார். கப்பி உருளவில்லை. "என்னல மாகாளி, இதுவும் ஊரடங்குல இருக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிஸ்மி சொல்லி முழுப் பலத்தையும் போட்டு ஓர் இழுப்பு இழுத்தார்.

கேபிள் அறுந்தது. கனத்த இரும்புகள் கீழே விழுந்த ஓசையில் மாடியில் என் தம்ளர் உருண்டிருக்கிறது. மைதீன் பிச்சை கையில் கம்பியோடு மல்லாந்து தரையில் கிடந்தார். நாலு பேர் தூக்கினார்கள். பெரிய அடி ஒன்றும் இல்லை, இடுப்பில் சுளுக்கு. இத்தனை நாள் எடை தூக்கியவருக்கு விழத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். துரு. மற்றவர்களும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். ஒருவன் தன் புது வெள்ளைப் பனியனில் துடைத்துவிட்டு அதைப் பார்த்தான். சண்டை போட்டார்களா என்றால் இல்லை. "சரி பண்ணிட்டுச் சொல்லு மாகாளி, வாரோம்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினார்கள். தெருவில் இறங்கியவர்கள் வலப்புறம் திரும்பினார்கள். வீடு இடப்புறம் இருப்பவர்களும் வலப்புறம்தான் திரும்பினார்கள். குற்றாலம் சாலை வலப்புறம்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். என்னைப் பார்த்து அன்று, சுவரைப் பார்த்து. "அஞ்சு மாசமா போலீசுக்குப் பயந்து பயந்து வந்து எண்ணெ போட்டுக் காப்பாத்துனாரு. ஆறு நாள்ல முடிஞ்சிட்டு. சார்வாள் கழுவுனது இரும்ப இல்ல, எங்க பொழப்ப."

வயதில் பெரியவன் எதிரில் இப்படி ஒரு பெண் பேசலாமா, சொல்லுங்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "ஏட்டி, சும்மா கெட. சார்வாள் எடம் குடுக்கலன்னா இந்தப் பொழப்பே கெடையாது" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "பழைய கேபிளு சார்வாள். மாத்தியிருக்கணும். என் தப்புதான்" என்றான்.

கேட்டீர்களா? 'என் தப்புதான்.' அவன் வாயாலேயே சொன்னான். தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்ளும் பண்பு; அதை நான் கற்பித்தேன். அறிவியலை வேறு ஒருவர் கற்பித்தார், பதினேழு. ஆகவே தெருவில் எவராவது என் பெயரைச் சொன்னால், நடந்ததற்குக் காரணம் யார் என்று குற்றவாளியே சொல்லியிருக்கிறான் என்று நீங்கள் அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு நடந்தவை இவைதாம். உப்புத்தாள் வாங்கிப் பத்து நாள் தேய்த்துப் பார்த்தான். தேய்த்த இடத்தில் மறுநாள் மறுபடியும் நிறம் மாறியது. நாற்பத்து மூன்று பேரில் திரும்பி வந்தவர்கள் நால்வர்; அந்த நால்வரும் பிறகு வரவில்லை. ஆகஸ்டு முப்பத்தோராம் நாள் கூடத்தைக் காலி செய்தான். கண்ணாடிகளை அந்தக் குற்றாலம் சாலைக்காரரே வாங்கிக்கொண்டார். இரும்பு ஒரு குட்டியானை வண்டியில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. போவதற்கு முன் கூடத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாவியை மேலே கொண்டுவந்து அந்த ஆணியில் அவனே மாட்டினான். கோமதி படியேறவில்லை.

இப்போது அந்தக் குளிர்சாதனக் கூடத்தில் சம்பளத்துக்கு நிற்கிறான். மாலை நான்கு முதல் பத்து வரை வேலை. "காலையில வந்து எண்ணட்டுமா சார்வாள்?" என்று கேட்டான். காலை எனக்கு நாளிதழ் படிக்கும் நேரம் என்றேன். எண்ணுவதற்கு ஓர் ஆள் எதற்கு? எனக்கு எண்ணத் தெரியாதா?

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இந்தக் கப்பியும் உருளாமல் நின்றது. தரமற்ற கப்பி. கயிறு மட்டும் தொங்குகிறது. தைலத்தை நான் இன்றும் விடவில்லை. இருந்தும் கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அகராதியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியாயிற்று.

கூடத்தை இதுவரை ஐந்து பேர் பார்த்தார்கள். நீங்கள் ஆறாமவர். நைட்டி மொத்த வியாபாரம் என்றீர்கள். நல்லது, நைட்டி துருப்பிடிக்காது. வீட்டில் கலந்துபேசிச் சொல்லுங்கள். போகும் முன் ஓர் உதவி, தம்பி. ஆணியில் மாட்டினீர்களே, அந்தச் சாவி. அதை எடுத்து இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.